ஒரே அரங்கு, ஒரே இரண்டு நாடகங்கள்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க பாரிஸ் போயிருந்தேன். உஷேத் தெருவில் ஒரு சின்ன அரங்கில் பிரெஞ்சு நாடகாசிரியர் அயனெஸ்கோவின் 'வழுக்கைத்தலைப் பாடகி', 'பாடம்' இரண்டையும் பார்த்தோம். 1957-லிருந்து இதே நாடகங்கள், இதே இயக்கம், இதே செட் என்றார்கள். எனக்கு ஏமாற்றம்தான். இது நாடகமா, சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிப்பொருளா? இந்த அரங்குக்கு எப்படி இவ்வளவு பெயரும் புகழும் வந்தது?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

அந்த இரண்டு நாடகங்களும் எப்படி முடிகின்றன என்று யோசித்துப் பாருங்கள். முதலாவதில், ஆரம்பத்தில் ஸ்மித் தம்பதி பேசிய அதே பேச்சைக் கடைசியில் மார்ட்டின் தம்பதி உட்கார்ந்து பேசத் தொடங்க, திரை விழுகிறது. 'பாட'த்தில் பேராசிரியர் மாணவியைக் கொல்கிறார், அது அன்றைக்கு நாற்பதாவது கொலை, உடனே அடுத்த மாணவி வந்து வாசலில் மணியடிக்கிறாள். திரும்பத் திரும்ப நடப்பதுதான் இரண்டிலும் விஷயமே. வேறு எந்த நாடகத்தை இத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் நானும் உங்களோடு சேர்ந்து திட்டியிருப்பேன். இவற்றை மறுநாள் மாலை மறுபடி ஆரம்பிப்பது நாடகத்தின் மிச்சப் பகுதி என்றே எனக்குப் படுகிறது.

உஷேத் அரங்கைத் தொடங்கியவர்கள் ஜார்ஜ் விதாலி, மார்செல் பினார், 1948-ல். ஏறக்குறைய 90 பேர் உட்காரலாம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அது அயனெஸ்கோ அரங்கே இல்லை; ஓதிபெர்த்தி, ஜார்ஜ் ஷெஹாதே என்று அன்றைய புதுக் கவிஞர்களின் நாடகங்களை விதாலி அங்கே மேடையேற்றிக்கொண்டிருந்தார். 'பாடகி' 1950 மே மாதம் நொக்தாம்பூல் என்ற வேறோர் அரங்கில் வந்து படுத்துவிட்டது, 'பாடம்' அடுத்த வருடம் இன்னோர் அரங்கில். 1952-ல்தான் இரண்டும் ஜோடியாக உஷேத்துக்கு வந்தன, அப்புறம் நின்றும்போயின. 1957-ல் மறுபடி போடக் கையில் காசில்லாதபோது கடன் கொடுத்தவர் லூயி மால், பின்னால் பெரிய பெயரெடுத்த சினிமா இயக்குநர். ஒரு மாதம் ஓட்டலாம் என்றுதான் திட்டம். பிப்ரவரி 16-ல் ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை, கொரோனாவில் எல்லா அரங்குகளையும் போல மூடியிருந்த காலத்தைத் தவிர. லண்டனில் ஓடும் அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகம் இதைவிட மூத்ததுதான், ஆனால் அது 1974-ல் பக்கத்து அரங்குக்கு வீடு மாறியது. இவர்கள் இடத்தை விட்டு நகரவே இல்லை.

இயக்கம் மாறவில்லை என்பது உங்கள் குறை. 'பாடகி'யை இயக்கிய நிக்கோலா பத்தாய் முதலில் அதைச் சிரிப்பு நாடகமாகத்தான் ஒத்திகை பார்த்தார், எடுபடவில்லை. பிறகு ஏதோ பெரிய சோக நாடகம்போல முகத்தை இறுக்கிக்கொண்டு பேச வைத்தார். கடிகாரம் பதினேழு முறை அடிக்கிறது, மணி ஒன்பது என்கிறாள் திருமதி ஸ்மித், அதைக் கொஞ்சமும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பைத்தான் அவர்கள் விடாமல் காப்பாற்றுகிறார்கள். ஒரு பாத்திரத்துக்குப் பல நடிகர்கள், முறைவைத்து வருவார்கள், ஆகையால் நீங்கள் பார்த்த ஜோடி அல்ல நாளைக்கு வருவது.

இதில் இழப்பும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். 1991-ல் ழான்-லுக் லகார்ஸ் என்ற இயக்குநர் அதே 'பாடகி'யை அறைக்கு வெளியே, பச்சைப் புல்வெளியில், பளீர் வண்ணங்களில் போட்டார். அப்படியொரு துணிச்சலை உஷேத்தில் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் பாரிஸில் அந்த மாதிரித் தெருவில், நாலு பக்கமும் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே, 90 இருக்கைகளை வைத்துக்கொண்டு ஒரு நாடக அரங்கு பிழைத்திருப்பதே அதிசயம். பினார் 1975-ல் இறந்த பிறகு அரங்கு கைமாறி மூடப்படும் நிலை வந்தபோது நடிகர்களே கூட்டாக நிறுவனம் அமைத்து எடுத்து நடத்தினார்கள். எனக்கு அயனெஸ்கோவைவிட இதுதான் பெரிய கதை. இருக்கை குறைவு என்பதால்தான் அரங்கு நிரம்புகிறது. ஐந்நூறு இருக்கை இருந்திருந்தால் 1957-லேயே ஒரு மாதத்தில் கடையைக் கட்டியிருப்பார்கள்.

இன்னொன்று, நீங்கள் இரண்டு நாடகத்தோடு கிளம்பிவிட்டீர்கள். அதன் பிறகு அதே மேடையில் வேறு நாடகமும் போடுவார்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போனால் அதற்குச் சீட்டு எடுங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.