வெட்டுப்பட்ட மூன்று பந்திகள்

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரி மாணவி. சட்டமா அதிபர் திணைக்களத்தில் நெடுங்காலம் அரச சட்டவாதியாக இருந்து விலகிய ஒருவர் எங்களுக்குச் சட்ட எழுத்தும் வாதமும் படிப்பிக்கிறார். என் பயிற்சிச் சமர்ப்பணத்தில் மூன்று பந்திகளை வெட்டி, பக்கத்தில் 'யார்?' என்று மட்டும் எழுதியிருந்தார். பந்திகளை இணைத்திருக்கிறேன். ஆட்களைச் சிறைக்கு அனுப்ப வாதாடியவரிடம் எதிரிக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக, வாதாடக் கற்க முடியுமா? தமிழில் எழுதிப் பழகுவதால் பயன் உண்டா?

– வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள பிள்ளைக்கு,

தமிழில் எழுதுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றக் கேள்விக்கு வருவதற்குள் உங்கள் இணைப்பின் முதல் வரியில் தடுக்கி விழுந்தேன்: "சம்பவ தினமன்று குறித்த இடத்தில் வைத்து முறைப்பாட்டாளர் மீது தாக்குதல் மேற்கொள்ளப்பட்டது."

அடித்தது யார்? 'மேற்கொள்ளப்பட்டது' என்பதற்குள் எதிரியை ஒளித்து வைத்துவிட்டீர்கள். எதிரியின் சட்டத்தரணி வேண்டுமென்றே இப்படி எழுதலாம். நீங்கள் எழுதியதோ வழக்குத் தொடுநர் தரப்புக்கு! 'இரவு 8 மணியளவில், செட்டியார் தெருவில் நகைக்கடை வாசலில், எதிரி முறைப்பாட்டாளரின் வலது தோளில் தடியால் அடித்தார்' என்று எழுத என்ன தயக்கம்? குற்றம் நடந்த நேரம், இடம், யாருக்கு எதிராக என்பவை குற்றச்சாட்டில் இருக்கவேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 165ஆம் பிரிவு. வருடக்கணக்காகக் குற்றப்பத்திரம் வரைந்தவருக்கு 'குறித்த இடம்' கண்ணில் விழுந்த தூசி. வெட்டத்தான் செய்வார்.

கேள்வி கேட்பதும் அப்படித்தான். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், தன் சாட்சியிடம் விடையை உள்ளே வைத்துக் கேட்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே 'பிறகு என்ன நடந்தது?', 'அவர் கையில் என்ன இருந்தது?' என்று ஒரு கேள்விக்கு ஒரு விடயமாகக் கேட்டே வழக்குத் தொடுநர் பழகுகிறார். சாட்சி தமிழில் சொல்ல, முதலியார் எனப்படும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் பெயர்க்கும் மன்றில், இரண்டு கேள்வியை ஒன்றாகப் பிணைத்தால் வரும் 'ஓம்' எதற்கு என்று பதிவேட்டைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

எதிரிக்காக வாதாடுவது பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? முரண்பாடு குறிப்பதை, அதாவது சாட்சி மன்றில் சொல்வது முன்பு பொலிஸில் சொன்னதோடு மாறுபடும் இடத்தை அடையாளமிடுவதை, அவரிடமே கேளுங்கள். மன்றில் சொன்னதை முதலில் சாட்சியின் வாயாலேயே உறுதிப்படுத்தவேண்டும். பிறகு பொலிஸ் வாக்குமூலத்தின் திகதி, நிலையம். அதன்பின் அந்தப் பகுதியை எழுத்துப் பிசகாமல் வாசித்து, 'இப்படிச் சொன்னீர்களா?' என்று கேட்டு, எதிரி தரப்பின் முதல் முரண்பாடாக 'வி1' என அடையாளமிடவேண்டும். சாட்சி மறுத்தால், வாக்குமூலத்தைப் பதிந்த உத்தியோகத்தர் கூண்டில் ஏறும்போது அவர் மூலம் அதை நிரூபிக்கவேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசிப் படியில்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு அது நன்றாகத் தெரியும். வாக்குமூலத்தில் இல்லாத ஒன்றைச் சாட்சி மன்றில் புதிதாகச் சொன்னால் அது விடுபாடு. வாசிக்க வரி இல்லாததால் 'வி' போட முடியாது. வாக்குமூலம் பதியப்பட்ட பொலிஸ் தகவல் புத்தகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுமாறு நீதிபதியை வேண்டவேண்டும். சில்லறை முரண்பாடுகளுக்கெல்லாம் வி1 முதல் வி15 வரை போட்டால் உண்மையான முரண்பாடு நடுவில் அமிழ்ந்துபோகும். 'ஏன் பொய் சொன்னீர்கள்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாட்சி விளக்கம் சொல்ல வழி திறந்து கொடுத்ததாகிவிடும்.

தமிழில் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் பதியப்பட்டிருந்தால் இன்னொரு சிக்கல். நீங்கள் காட்டும் முரண்பாடு சாட்சியுடையதா, எழுதியவருடையதா? யார் மொழிபெயர்த்தது, திருப்பி வாசித்துக் காட்டினார்களா என்று வழக்குத் தொடுநர் மீள்விசாரணையில் கேட்டால் உங்கள் வி1 ஆட்டம் காணும். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகள் கொழும்பு மன்றுகளுக்குத் தேவைப்படுவது இதனால்தான். நீங்கள் அந்த வகுப்பை விட்டுவிடக் கூடாது என்று நான் விரும்புவதும் இதனால்தான்.

ஒன்றில் அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். வெட்டிய மூன்றில் இரண்டாவது பந்தியில் நேரமும் இருக்கிறது, அடித்தவரும் இருக்கிறார். அதை மட்டும் எடுத்துப்போய்த் திருப்பிக் கேளுங்கள்.