பதில்: மகன் இருந்தும் ஓல்டன்பர்க் ஏன் டென்மார்க்குக்குப் போனது?

வணக்கம் நண்பரே. வடமேற்கு ஜெர்மனியில் ஓல்டன்பர்க்கை ஆண்ட கவுண்ட் (சிற்றரசர்) அன்டோன் குந்தருக்கு மகன் இருந்தும் 1667-இல் அவர் இறந்ததும் நாடு ஏன் டென்மார்க் மன்னருக்குப் போனது, அவர் ஆண்ட யேவர் என்ற பகுதி மட்டும் ஏன் தனியாகப் பிரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வம்ச வரைபடத்தில் தவறில்லை. ஒரு கோடுதான் விடுபட்டிருக்கிறது.

மகன் அன்டோன், எலிசபெத் வான் உங்னாட் என்ற பெண்ணுக்குத் திருமணத்துக்கு வெளியே 1633-இல் பிறந்தவர். கவுண்ட் 1635-இல் மணந்த சோபியா கத்தரீனாவுக்குக் குழந்தை இல்லை. தந்தை பாசத்தோடு புனித ரோமானியப் பேரரசரிடம் பேசி மகனுக்குக் கவுண்ட் பட்டம் வாங்கித் தந்தார்; வாரெல், க்னிப்ஹௌசன் பகுதிகளையும் கொடுத்தார். ஆனால் ஓல்டன்பர்க் ஆண்வழி மானிய நிலம். முறைப்படியான ஆண் வாரிசுக்கே சேரும். 1448-இல் டென்மார்க் அரியணை ஏறிய முதலாம் கிறிஸ்டியான் இதே குடும்பத்துக் கவுண்ட்தான். அந்த உறவுக் கோட்டை உங்கள் வரைபடத்தில் போட்டால் டென்மார்க் மன்னர் பங்காளி ஆகிவிடுவார், குழப்பம் தீரும்.

யேவரின் கதை வேறு. அதை ஆண்ட மரியா 1575-இல் இறந்தபோது குந்தரின் தந்தைக்கு உயில்வழி வந்த சொத்து அது. அதனால் குந்தரின் சகோதரி மக்டலேனாவின் வழியாக அன்ஹால்ட்-செர்ப்ஸ்ட் குடும்பத்துக்குப் போயிற்று. 1793-இல் அதே குடும்பத்துப் பெண்ணான ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீனுக்கு அது வந்தது இப்படித்தான்.

அன்டோன் குந்தர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. முப்பதாண்டுப் போரில் சுற்றுவட்டாரமே எரிந்தபோது, கத்தோலிக்கத் தரப்புத் தளபதி டில்லிக்குத் தன் லாயத்து உயர்சாதிக் குதிரைகளைப் பரிசளித்து நாட்டைக் காப்பாற்றியவர். தரையில் புரளும் பிடரிமயிரும் வாலுமாக அவருடைய ‘கிரானிஷ்’ குதிரையின் ஓவியம் கிடைத்தால் பாருங்கள்.