போன வருடம் முதலிடம் பிடித்த துறையில் பணம் போடலாமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "டெபாசிட் முதிர்ந்து 5 லட்சம் கையில் இருக்கிறது. இரண்டு வருடத்தில் வளவு வீட்டுக்கு ஓடு மாற்ற 2 லட்சம் வேண்டும். மிச்சத்தை, வருடா வருடம் முதலிடம் வரும் துறையின் ஃபண்டுக்கு மாற்றிக்கொண்டே போகலாம் என்கிறான் மகன். சரிதானா?"

வேண்டாம் ஆச்சி. ஐ.டி. கம்பெனிப் பங்குகளின் விலைப்போக்கைக் காட்டும் நிஃப்டி ஐ.டி. குறியீடு 2020-இல் சுமார் 55%, 2021-இல் சுமார் 60% ஏறியது. அதைப் பார்த்து 2022 தொடக்கத்தில் 3 லட்சம் போட்டிருந்தால், வருடக் கடைசியில் ஏறக்குறைய 2.22 லட்சம்தான் இருந்திருக்கும். போட்டதை மீட்கவே 35% ஏற வேண்டும். அதே 2022-இல் பொதுத்துறை வங்கிக் குறியீடு சுமார் 70% ஏறியது. 2020-இல் 30% விழுந்து, சீந்த ஆளில்லாமல் கிடந்த துறை அது!

இரண்டுக்கும் பின்னால் இருந்த பெரிய காரணம் வட்டி. அந்த வருடம் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தின் அருகிலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. அமெரிக்க வாடிக்கையாளர்களை நம்பிய, ஏற்கெனவே விலை எகிறியிருந்த ஐ.டி. பங்குகள் அடி வாங்கின. இங்கே ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை (ரெப்போ) 4 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. வங்கிகள் கொடுத்த கடனுக்கு வட்டி சட்டென்று ஏறியது, டெபாசிட் வட்டி மெதுவாகத்தான் ஏறியது. வாராக்கடனும் குறைந்திருந்தது. லாபம் பெருகியது. மருந்துத் துறையோ 2016 முதல் நான்கு வருடம் தொடர்ந்து இறங்கி, கொரோனா வந்த 2020-இல் சுமார் 60% ஏறியது. அதை எந்தப் பழைய பட்டியல் முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

முதலிடம் வந்த துறையில், நல்ல செய்தி முழுதும் விலையில் ஏறிவிட்ட பிறகுதான் நாம் நுழைகிறோம். அப்புறம் வரி. ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20%. அதைத் தாண்டி விற்றால், 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5%. பல ஃபண்டுகளில் சீக்கிரம் வெளியேறினால் தனிக் கட்டணமும் உண்டு.

துறை ஃபண்ட் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அந்தத் துறையில்தான் வைத்தாக வேண்டும். துறை சரிந்தால் மேனேஜரால் ஒதுங்க முடியாது. பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்த நம் பக்கத்துச் செட்டியார்கள் பட்டது நினைவிருக்கும். 1930-களில் நெல் விலை விழ, கடனுக்கு ஈடாக வயல்கள் கைக்கு வந்து, முதல் அத்தனையும் ஒரே பயிரில் மாட்டிக்கொண்டது.

ஓடு மாற்றுவதற்கான 2 லட்சம் டெபாசிட்டிலேயே இருக்கட்டும். மீதி 3 லட்சத்தை, ஏழு வருடமாவது தொடமாட்டீர்கள் என்றால், நாட்டின் 50 பெரிய கம்பெனிகளில் பணத்தைப் பரப்பும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டிலோ, பெரிய, நடுத்தர, சிறிய கம்பெனிகள் எதிலும் போடக்கூடிய ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டிலோ மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். மகனுக்கு ஒரு துறையில் ஆசை இருந்தால் 30,000 ரூபாயோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதுவும் வங்கித் துறையாக வேண்டாம். நிஃப்டி 50-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைக் கம்பெனிகள்தான்.