உதவிப்பணமும் வீட்டு வாடகையும்

கேள்வி: கணவர் எங்களைக் கைவிட்டுச் சென்றுவிட்டார். இரு பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் வசிக்கிறேன். வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும கொடுப்பனவு முழுவதும் வாடகைக்கே போகிறது. அதை நம்பியே இருப்பது சரியா?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: சகோதரி, அப்பணத்தை வாடகைக்குக் கொடுப்பதில் நீங்கள் கூச்சப்பட எதுவுமில்லை. ஆயினும், 2023 இல் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக வந்த இத்திட்டத்தில் வாடகைக்கெனத் தனி ஒதுக்கீடு கிடையாது. மிக வறிய பிரிவினருக்கான தொகை 2025 ஜனவரியில் 15,000 ரூபாவிலிருந்து 17,500 ரூபாவாக உயர்த்தப்பட்ட போதிலும், வாடகையையும் சாப்பாட்டையும் அது ஒருசேரத் தாங்காது.

ஆகவே நீங்கள் நாட வேண்டியது நீதவான் நீதிமன்றத்தை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, போதிய வருமானமுள்ள தந்தை தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்கு மாதாந்தம் பணம் செலுத்த வேண்டுமென நீதவான் கட்டளையிடலாம். ஊரார் என்ன சொல்வார்களோ என்றெண்ணி இதைத் தள்ளிப்போடும் தாய்மார் வன்னியில் பலர். அது பிள்ளைகளின் உரிமை என்பதை மனத்திற் கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

கணவர் பிரிந்துவிட்டதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் தெரிவித்து, குடும்ப விபரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். பராமரிப்பு வழக்கில் உங்கள் செலவைக் காட்ட அது உதவும்.