கதீட்ரல் கொயரில் (பேராலயப் பாடகர் குழுவில்) சிறுவர்களையும் பெரியவர்களையும் ஏன் சேர்த்துப் பாட வைக்கிறார்கள்?

இங்கிலாந்துக் கதீட்ரல்களைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே பல நூற்றாண்டுகள் பெண்களுக்கு கொயரில் இடமில்லை, அதனால் மேல் ஸ்தாயி முழுக்கச் சிறுவர்களுடையதாக இருந்தது, அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற மூன்று குரல்களும் சம்பளம் வாங்கும் பெரியவர்களுடையவை. ஆல்ட்டோவை மரபாக ஆண்களே கள்ளக் குரலில், அதாவது இயல்பை விட மேலே உயர்த்திய மெல்லிய குரலில், பாடுவார்கள். நம் கச்சேரி ரசிகர்கள் குறையாகச் சொல்வது அங்கே தனிக் கலை.

கொயர் இரண்டு பக்கமாக எதிரெதிரே நிற்கும், டெக்கனி (தலைமைக் குருவின் பக்கம்), கன்டோரிஸ் (பாடகர் தலைவரின் பக்கம்) என்று பெயர். மாலை ஆராதனையில் பைபிளின் சங்கீதப் பாடல்களை வசனத்துக்கு வசனம் மாறி மாறிப் பாடுவதைக் கேட்டால் ஒரு பக்கம் மூச்சு முடிகிற இடத்தில் மறுபக்கம் எடுக்கும், அவ்வளவு அழகு! எட்டு வயதில் சேரும் பிள்ளை மூத்த பையனுக்குப் பக்கத்தில் நின்று, காதால் கேட்டே பாதியைக் கற்றுக்கொள்கிறது.

குரல் உடைந்ததும், பெரும்பாலும் பதின்மூன்று வயது வாக்கில், விலக வேண்டியதுதான். அப்புறம், 1991இல் சாலிஸ்பரி கதீட்ரல் சிறுமிகளுக்கென்றே தனி கொயர் தொடங்கியது. பிறகு மற்ற கதீட்ரல்களும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன, என்னைக் கேட்டால் ரொம்பத் தாமதம்.