ஆக்சுவேரியல் படித்தால் வங்கியில் ரிஸ்க் வேலை கிடைக்குமா?

கேள்வி: மகள் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ‘மூன்றே வருடத்தில் ஆக்சுவரி, வங்கியில் ரிஸ்க் வேலை நிச்சயம்’ என்று சொல்லி ஒரு பயிற்சி மையம் இரண்டரை லட்சம் கேட்கிறது. இது இன்சூரன்ஸுக்கு மட்டுமான படிப்பு இல்லையா? பணம் கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். படிப்பு நல்ல படிப்புதான். அந்த ‘நிச்சயம்’தான் பொய்.

ஆக்சுவரி என்பவர் வரக்கூடிய நஷ்டத்தைப் புள்ளியியலால் அளப்பவர். இன்சூரன்ஸில் அவர், நாற்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் இந்த வருடம் எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணக்குப் போடுகிறார். வங்கியில் ஆளுக்குப் பதில் கடன். 10 லட்சம் ரூபாய் கடன் ஒன்று. ஒரு வருடத்துக்குள் தவணை நின்றுபோக 4 சதவீத வாய்ப்பு. நின்றால் 45 சதவீதம் திரும்பாது. மூன்றையும் பெருக்கினால் 18,000 ரூபாய். வங்கி எதிர்பார்க்க வேண்டிய நஷ்டம் இது. பெருக்கல் யாருக்கும் வரும். அந்த 4 சதவீதத்தைப் பழைய கடன் கணக்குகளிலிருந்து கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அதற்கு வேண்டிய சர்வைவல் மாடல் (எத்தனை காலம் தாங்கும் என்ற கணக்கு), மார்க்கோவ் சங்கிலி (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாய்ப்பு), டைம் சீரிஸ் (கால வரிசைத் தரவு) எல்லாம் ஆக்சுவரித் தேர்வின் சி.எஸ்.2 தாளில் இருக்கின்றன. சந்தை ரிஸ்க்குக்கு, அதாவது விலையும் வட்டியும் மாறுவதால் வரும் நஷ்டத்துக்கு, வேண்டியது சி.எம்.2 தாளில். ஆகவே வங்கிக்குப் போக ஆக்சுவரி ஆகியே தீர வேண்டியதில்லை. சி.எஸ்.1, சி.எம்.1, சி.எஸ்.2, சி.எம்.2 நான்கும் பாஸ் செய்து, நிரல் எழுதவும் தெரிந்தால் நேர்காணலுக்கு உட்காரலாம்.

வழி இதுதான்: ஏசெட் நுழைவுத் தேர்வு, பிறகு இந்திய ஆக்சுவரிகள் கழகத்தில் மாணவர் உறுப்பினர், பிறகு சி.எஸ்.1. பிள்ளைகள் சறுக்குவது பி தாளில். இந்த நான்கு பாடத்துக்கும் ஏ, பி என்று இரண்டு தாள். பி தாள் கணினியில்: சி.எஸ்.சுக்கு ஆர் மென்பொருள், சி.எம்.முக்கு எக்செல். சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு ஆர் மென்பொருளைக் கடைசி மாதம் திறந்தால் என்ன நடக்கும்?

பயிற்சி மையங்கள் சொல்லாமல் விடுவது வேறு. பி.எஸ்சி. ஆக்சுவேரியல் பட்டம் வாங்கியவர் ஆக்சுவரி அல்ல. 2006-ம் ஆண்டு ஆக்சுவரிகள் சட்டப்படி, கழகத்தின் தாள்களை முடித்து, பணி அனுபவமும் காட்டி ஃபெலோ (முழுத் தகுதி பெற்ற உறுப்பினர்) ஆனவருக்கே அந்தப் பெயர். மூன்று வருடத்தில் அது முடிவது அபூர்வம். ‘எஃப்.ஆர்.எம். சான்றிதழோடு சேர்த்துத் தருகிறோம்’ என்பதும் அப்படித்தான். நிதி ரிஸ்க் மேலாளர்களுக்கான அந்தத் தேர்வில் இரண்டு பாகம் பாஸ் செய்தாலும், துறையில் இரண்டு வருட முழுநேர அனுபவம் இல்லாமல் அந்தச் சான்றிதழ் வராது. கல்லூரி மாணவிக்கு அதை எப்படித் தருவார்கள்?

எஃப்.ஆர்.எம். வேண்டுமா என்றால், வங்கிக்கு வேண்டும். கணக்குக்காக அல்ல, வேலை விளம்பரத்துக்காக. அங்கே எம்.பி.ஏ., எஃப்.ஆர்.எம். என்று அச்சடித்திருப்பார்கள், சி.எஸ்.2 என்றால் என்னவென்று மனிதவளத் துறையில் யாருக்கும் தெரியாது. புள்ளியியல் வேலைக்கு எம்.பி.ஏ. கேட்கிற கூத்து இன்னும் ஓயவில்லை. ஒரு விலக்கு உண்டு: இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவு. பாலிசிதாரருக்கு இருபது வருடம் கழித்துத் தர வேண்டிய பணத்துக்கு, கையில் இருக்கும் பத்திரங்கள் எந்த வருடம் முதிர்கின்றன, வட்டி இறங்கினால் எவ்வளவு துண்டு விழும் என்று பார்க்கிற இடம் அது. ஆக்சுவேரியல் தாள்களின் மதிப்பு அங்கே தெரியும். நிறுவன ரிஸ்க் பற்றிய எஸ்.பி.9 தாளும் இருந்தால் எஃப்.ஆர்.எம். தேவையே இல்லை. ஆனால் அதே நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவுக்குப் போவதானால் இந்த விலக்கு செல்லாது, அங்கே முதலீடு பற்றிய எஸ்.பி.5 தாள் அல்லது முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. தகுதி பார்ப்பார்கள்.

மகள் முதலில் ஏசெட் எழுதட்டும். பாஸ் ஆனால் சி.எஸ்.1-க்கு மட்டும் வகுப்புக் கட்டணம் கேளுங்கள். தாள் தாளாக வாங்க மாட்டோம், மொத்தமாகத்தான் என்றால் வெளியே வந்துவிடுங்கள். ‘வேலை நிச்சயம்’ என்பதை, கிடைக்காவிட்டால் பணம் எந்தத் தேதிக்குள் திரும்பும் என்ற வரியோடு, முத்திரை போட்டு எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.