8,500 ரூபாய்க்கு ஓர் இருவாச்சிப் படம் வாங்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ஹாலில் ஆறடி சோபாவுக்கு மேலே ஒரே ஒரு படம் மாட்ட ஆசை. வால்பாறைப் பக்கம் தனியாகப் படமெடுத்து வரும் ஓர் இளைஞரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில், மழை மூட்டத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருவாச்சி ஒன்று பறக்கும் படத்தைப் பார்த்தேன். மனசை விட்டுப் போகவில்லை. 16-க்கு 24 அங்குலப் பிரிண்ட், ஃபிரேம் இல்லாமல், 8,500 ரூபாய் என்கிறார். "அதையே டவுன்லோடு பண்ணி எழுநூறு ரூபாயில் பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணிடலாம் அண்ணி" என்கிறார் கொழுந்தனார். யார் சொல்வது சரி? அந்தச் சுவர் வெளிச்சுவர். மழைக்காலத்தில் லேசாக ஓதம் ஏறுகிறது. இன்னொன்று: வீட்டிலிருந்தே தேயிலை பாக்கெட் போட்டு விற்கும் என் மகள், படத்தை வாங்கினால் லேபிளிலும் போட்டுக்கொள்ளலாமா என்கிறாள்.
— வாசகி, சென்னை-91

பதில்: கொழுந்தனாரின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். இன்ஸ்டாகிராமிலிருந்து இறக்கும் படம் பெரும்பாலும் 1,080 பிக்சல் அகலம்தான் இருக்கும். அதை 24 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 45 பிக்சல். கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும் பிரிண்டுக்கு 240 முதல் 300 வரை வேண்டும். ஆறடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 போதும். 45 எதற்கும் ஆகாது. உங்கள் படத்தில் பறவை மொத்த அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். டவுன்லோடு செய்த ஃபைலில் அதற்குக் கிடைப்பது 72 பிக்சல். அலகு, அலகின் மேலுள்ள மஞ்சள் கொண்டை, இறக்கையின் வெள்ளைப் பட்டை எல்லாம் அந்த 72-க்குள் அடங்க வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் மூல ஃபைல் 6,000 பிக்சல் அகலம். அதே பறவைக்கு 400 பிக்சல் கிடைக்கும். இறகின் விளிம்பு தெரிவதும் கறுப்பாக ஏதோ பறப்பதும் இங்கேதான் பிரிகின்றன.

பறவைக்கும் முன்னால் மூட்டம் கெட்டுவிடும். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல இறங்கும் நிறம்தான் அமுக்கப்பட்ட ஜேபெக் ஃபைலுக்கு ஆகாதது. போன் திரையில் தெரியாத படிக்கட்டுகளும் சதுரத் திட்டுகளும் இரண்டடிப் பிரிண்டில் பட்டை பட்டையாக எழும். ஏஐ செயலியில் பெரிதாக்கலாமே என்பார் கொழுந்தனார். அது இல்லாத இறகுகளைத் தானே வரைந்து வைக்கும்; பனிக்குள் இருக்கும் சில்வர் ஓக் மரங்களுக்குப் பிளாஸ்டிக் இலை முளைக்கும். அனுமதியில்லாமல் எடுப்பது சட்டப்படியும் தவறு என்பது தனி. ஆக எழுநூறு ரூபாய் யோசனை படமாகவே தேறாது.

அதற்காக 8,500 தானாக நியாயமாகிவிடாது. அந்தப் பணத்துக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நின்று, கீழே அணையை எடுக்காமல் யாரும் மேலே போவதில்லை. அந்தப் படம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வந்துபோகிறவர் எடுப்பது இடத்தை. அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தச் சரிவில் எந்த மணிக்கு மூட்டம் விலகும், பறவை எந்தப் பக்கமிருந்து கடக்கும் என்று தெரியும். வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு மிச்சமிருக்கிறது. இருவாச்சி ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலையின் மேலாகத்தான் பறந்தாக வேண்டும். உங்கள் மனசை விட்டுப் போகாத படம் காட்டுவது அதைத்தான். சுற்றுலாப் போஸ்டராக இருந்தால் தேயிலையையும் மின்கம்பியையும் வெட்டிவிட்டு, பறவையை மட்டும் பெரிதாக்கி, பச்சையைத் தூக்கலாக்கியிருப்பார்கள். ஏஜென்சியும் வாடிக்கையாளரும் தலையிடாத தனிக் கலைஞர் அதைச் செய்யாமல் இருக்கலாம். இந்த வகைப் படங்களின் கவர்ச்சி பெரும்பாலும் அந்தச் செய்யாமையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் தனிவழிக்கு மூத்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). பாகங்களைத் தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த கேமராவில், கடைசிவரை கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளை எடுத்தார். பளபளப்புக்கு அவர் படங்களில் இடமில்லை, விலங்கின் நடையும் நிலையும் மட்டும்தான்.

இரண்டாவது விஷயம் பிரிண்ட். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுதயப் படத்தைப் பல பத்தாண்டுகளாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை தானே பிரிண்ட் போட்டார். நெகட்டிவ் ஒன்றுதான். ஆனால் முதல் பிரிண்டுகளில் மேகம் தெரியும் வானம், பிந்தியவற்றில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. படம் எடுத்த அன்றோடு வேலை முடிவதில்லை; எவ்வளவு இருட்டு, எந்தக் காகிதம் என்று தீர்மானிப்பதும் கலைஞர்தான். உங்களவர் அதைச் செய்கிறாரா, அல்லது ஆர்டர் வந்ததும் ஃபைலை ஏதோ ஒரு லேபுக்குத் தட்டிவிடுகிறாரா? பின்னதென்றால் 8,500 அதிகம்.

அவரையே கேளுங்கள், தயங்க வேண்டாம். முதலில் ஃபைலின் பிக்சல் அளவு. அதுவும் வெட்டிய பிறகு மிஞ்சிய அளவு. தொலைவில் பறந்த பறவைக்காகப் பாதிப் படத்தை வெட்டியிருந்தால் 24 மெகாபிக்சல் என்பது பெயருக்குத்தான். அடுத்து மை: நுண்துகள் நிறமியாலான பிக்மென்ட் மையா, கரையும் சாயமான டை மையா? டை மை நம் வெளிச்சத்திலும் ஈரத்திலும் சீக்கிரம் வெளுக்கும். அடுத்து காகிதம். இந்த விலைக்கு அமிலமில்லாத, 300 ஜிஎஸ்எம் அளவிலான பருத்திக் காகிதம் எதிர்பார்க்கலாம். பளீர் வெள்ளைக் காகிதங்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் செயலிழக்கும். அப்போது மூட்டம் மஞ்சளடிக்கும். மூட்டப் படத்துக்கு மேட் காகிதம்தான் என் சிபாரிசு. அதில் இருவாச்சியின் கறுப்பு கொஞ்சம் மென்மையாக, கரிக்கட்டை நிறத்தில் வரும். ஆழ்ந்த கறுப்பு வேண்டுமென்றால் பரைட்டா என்ற பளபளப்புப் பூச்சுக் காகிதம் உண்டு, ஆனால் எதிரே பால்கனிக் கதவு இருந்தால் அதன் பளபளப்பு தொல்லை.

லிமிடெட் எடிஷன் என்று சொல்லி விற்றால், 25 பிரதிகள் என்பது எல்லா அளவுக்கும் சேர்த்தா, ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியா என்று கேளுங்கள். ஐந்து அளவுக்குத் தனித்தனியாக 25 என்றால் அது 125. ஓரத்து வெள்ளையில் பென்சிலில் 7/25 என்பதுபோல் எண்ணும் கையெழுத்தும், பில்லில் காகிதம், மை, அளவு, எண் ஆகியவையும் இருக்கட்டும்.

அவருடைய மற்றப் படங்களையும் ஒரு பார்வை பாருங்கள். பெண் இருவாச்சி முட்டையிட மரப்பொந்துக்குள் போய், ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஆண்தான் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியே ஊட்ட வேண்டும். கீழே கேமராவோடு கூட்டம் நின்றால் ஆண் நெருங்காமல் சுற்றும், உள்ளே பட்டினி. பொந்துக்குக் கிட்டப்போய் எடுத்த படங்கள் அவர் பக்கத்தில் வரிசையாக இருந்தால் நான் வாங்கமாட்டேன். பறவையை வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டினாரா என்பதையும் நேராகவே கேட்கலாம். ஃபியாப், பிஎஸ்ஏ போன்ற புகைப்பட அமைப்புகளின் இயற்கைப் பிரிவு விதிகள் எதையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் அனுமதிப்பதில்லை என்பதால், கேள்வி அவருக்குப் புதிதாக இருக்காது.

இனி சுவர். படம் சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பொருந்தும். ஆறடி சோபாவுக்கு 48 அங்குலம். 16-க்கு 24 பிரிண்டைச் சுற்றி மூன்று அங்குல மவுண்ட் (ஓரத்து அட்டை), ஓர் அங்குல ஃபிரேம் வைத்தாலும் 24-க்கு 32தான் வரும். சோபாவுக்கு மேலே தபால்தலை ஒட்டியதுபோல் தெரியும். அங்கேதான் மாட்ட வேண்டுமென்றால் 24-க்கு 36 கேளுங்கள். 6,000 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 167 வரும், அந்தத் தூரத்துக்குப் போதும். ஆனால் அது ஓதச் சுவர். விலையைக் கூட்டி ஓதத்தில் மாட்டுவதைவிட, இதே 16-க்கு 24-ஐ அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவரில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டு பிரச்சினையும் தீரும். அளவை மட்டும் 16-க்கு 20 என்று மாற்றிவிடாதீர்கள். கேமரா தரும் படத்தின் அகல உயர விகிதம் 3:2. 16-க்கு 20-இல் பக்கவாட்டில் நான்கு அங்குலம் வெட்டுப்படும், பறவை ஓரத்தில் இருந்தால் வாலோ அலகோ போய்விடும்.

பிரிண்ட் சுருளாக வந்தால் கை கழுவி நன்றாக உலர்த்திய பின், ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள். நிமிர்த்துவதற்காக எதிர்ப்பக்கம் சுருட்டவே கூடாது. தடிக் காகிதத்தின் மேல் பூச்சு விரிசல் விடும். இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகை போட்டு, இரண்டு நாள் விடுங்கள்.

அதிகம் கெடுவது ஃபிரேம் கடையில்தான். சொல்லாமல் விட்டால், பிரிண்டை எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையில் பசை போட்டு ஒட்டி, மேலே சூடாக லேமினேட் செய்து கொடுத்துவிடுவார்கள். பிறகு அதை உரித்து மீட்க முடியாது. மேட் காகிதத்தின் அழகும் போய்விடும். லேமினேஷன் இல்லாமல் கண்ணாடியை நேராகப் பிரிண்டின் மேல் வைத்தாலும் ஆபத்து. ஈரக்காற்றில் காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை கண்ணாடியோடு வரும். ஆகவே கடையில் இப்படிச் சொல்லுங்கள்: அமிலமில்லாத மவுண்ட் போர்டு, குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், மூன்று அங்குல அகலம், பிரிண்டை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் அமிலமில்லாத டேப்பால் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரத்தில் விரியும் காகிதத்துக்குப் போக இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். செலோடேப் வேண்டவே வேண்டாம், மஞ்சளாகிக் கசியும். பின்பக்கம் எம்டிஎஃப்-க்குப் பதில் ஃபோம் போர்டோ பிளாஸ்டிக் கொருகேட்டட் ஷீட்டோ. எம்டிஎஃப் ஈரத்தை உறிஞ்சி ஊதும், அமிலமும் கசியும். விளிம்பைச் சுற்றி டேப் போட்டு மூடச் சொல்லுங்கள். ராமபாணப் பூச்சி நுழையும் வழி அதுதான். அடைமழை நாளில் ஃபிரேம் போட வேண்டாம். அன்றைய ஈரமும் உள்ளே சேர்ந்து அடைபட்டுவிடும்.

கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டி, சுவருக்கும் ஃபிரேமுக்கும் காற்றோட இடம் விடுங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து 57, 58 அங்குல உயரத்தில் இருக்கட்டும். ஒரே ஆணியில் தொங்கினால் கதவு சாத்தும்போதெல்லாம் சாயும், இரண்டு கொக்கி போடுங்கள். வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். பக்கத்து விளக்கின் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேலாக இருந்தால் தேயிலைப் பச்சை செத்துப்போகாது. திரையில் பார்த்ததைவிடப் பிரிண்ட் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். திரை தானே ஒளிர்வது, காகிதம் அப்படியில்லை. பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

மகளின் லேபிள் விஷயம்: முடியாது. நீங்கள் வாங்குவது காகிதத்தை. படத்தின் காப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும். 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தமும் சேர்ந்து, இப்போது புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளோடு அதற்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு தருகின்றன. லேபிளுக்குத் தனியாக, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்: எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளில், எவ்வளவு தொகைக்கு. காலத்தை எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலிலேயே எழுதிவிடட்டும். பணம் கொடுக்குமுன் இன்னொன்றையும் அவள் யோசிக்கலாம். மூன்று அங்குல லேபிளில் இந்த இருவாச்சி ஐந்து மில்லிமீட்டர்தான் வரும், மூட்டம் வெறும் சாம்பல் திட்டாக அச்சாகும். பறவை கிட்டத்தில் இருக்கும் வேறு படம் அவரிடம் இருக்கிறதா என்று கேட்பது மேல்.